என்பிடெல் பாடத்தைக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றுவது எப்படி? ஆயிரம் ரூபாயும் ஒரு பருவமும் வீணாகாமலிருக்க

என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தில் ஐஐடி பேராசிரியர் நடத்தும் பாடத்தை வீட்டில் இருந்தபடியே இலவசமாகப் படிக்கலாம். ஆயிரம் ரூபாய் கட்டித் தேர்வு எழுதித் தேறினால், அதைக் கல்லூரியில் ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாட) பேப்பருக்கு ஈடாகக் காட்டலாம். பாடத்தின் அளவுக்கேற்பக் கல்லூரி தரும் மதிப்புப் புள்ளிதான் கிரெடிட். கடைசிப் பருவத்தில் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், வேலைக்கான நேர்காணல் என்று அலையும்போது ஒரு பேப்பர் குறைந்தால் எவ்வளவு நிம்மதி என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சான்றிதழ் கையில் இருந்தும் கிரெடிட் கிடைக்காமல் துறை அலுவலக வாசலில் நிற்கும் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. படிக்காததால் அல்ல, வேலையைத் தலைகீழாகச் செய்ததால். சான்றிதழ் தருவது என்பிடெல். கிரெடிட் தருவது உங்கள் கல்லூரி. முதலில் சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு கல்லூரியில் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் அந்தச் சிக்கல் வராது.

1. பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி விதியைக் கேட்டு வாங்குங்கள்

என்பிடெல் பாடங்கள் நடப்பது மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில். அந்தத் தளத்தில் உள்ள பாடங்களுக்குக் கிரெடிட் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2016இல் விதிமுறை கொண்டுவந்தது. அப்போது உச்சவரம்பு 20 சதவீதம். 2021 விதிமுறையில் அது 40 ஆனது. அதாவது ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க ஒரு கல்வி நிறுவனம் அனுமதிக்கலாம். ஐந்து பேப்பர் உள்ள பருவத்தில் இரண்டு.

இதைப் படித்துவிட்டு 'இரண்டு பேப்பர் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று துறைத் தலைவரிடம் போய் நிற்காதீர்கள். 40 என்பது கல்லூரிக்கு விதித்த மேல்வரம்பு. அதற்குள் எத்தனை, எந்தப் பாடங்கள் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் அல்லது தன்னாட்சிக் கல்லூரியின் கல்விக் குழுதான் முடிவு செய்கிறது. படிப்புக் காலம் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ மட்டும் என்று வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. பெரும்பாலும் எலெக்டிவுக்கு ஈடாகத்தான் ஏற்பார்கள். கட்டாயப் பாடத்துக்கும் செய்முறை வகுப்புக்கும் பொதுவாக இடமில்லை.

என்பிடெல்லுடன் இணைந்த கல்லூரிகளை 'லோக்கல் சாப்டர்' என்பார்கள். அங்கே இதற்கென்றே ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார். அவரை 'ஸ்பாக்' என்று அழைப்பார்கள். அவரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

- எந்தப் பருவத்திலிருந்து எடுக்கலாம், மொத்தம் எத்தனை கிரெடிட் வரை?
- எலெக்டிவுக்குப் பதிலாகவா, கூடுதல் கிரெடிட்டாகவா? ஹானர்ஸ், மைனர் பட்டத்துக்கு வேண்டிய கூடுதல் கிரெடிட்டுகளில் இது சேருமா?
- என்பிடெல் மதிப்பெண் எங்கள் கிரேடாக எப்படி மாறும்? குறைந்தபட்சம் எத்தனை வேண்டும்?
- அரியர் உள்ளவர்கள் எடுக்கலாமா?
- கிரெடிட் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா?

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்பிடெல்லில் சான்றிதழுக்கு 40 மதிப்பெண்ணே போதும் (அதன் கணக்கு ஏழாவது படியில்). கல்லூரியின் தேர்ச்சி மதிப்பெண் 50 என்றிருந்தால், 43 மதிப்பெண் போட்ட சான்றிதழ் உங்கள் மதிப்பெண் பட்டியலுக்குள் நுழையாது. சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள். அவர் படித்த ரெகுலேஷன் (படிப்புக்கான விதித்தொகுப்பு) வேறாக இருக்கலாம். உங்கள் பேட்சின் ரெகுலேஷன் புத்தகத்தில் அந்தப் பத்தியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. பாடம் தேர்ந்தெடுக்கும்போது வாரத்தை எண்ணுங்கள்

என்பிடெல்லில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்று பரிந்துரைக்கப்படுகிறது. வீடியோ நேரம் முறையே சுமார் 10, 20, 30 மணி. கல்லூரியில் எலெக்டிவ் பேப்பர் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆகவே உங்களுக்கு வேண்டியது 12 வாரப் பாடம்.

8 வாரப் பாடம் சுலபமாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கிரெடிட் குறைகிறது என்று தவிப்பவர்கள் ஏராளம். எட்டு வாரமும் நான்கு வாரமுமாக இரண்டு பாடங்களைச் சேர்த்து மூன்றாகக் கணக்கிடச் சில கல்லூரிகள் ஒப்புக்கொள்ளும். அப்படியானாலும் தேர்வு இரண்டு, கட்டணம் இரண்டு. பன்னிரண்டு வாரம் ஒன்றே மலிவு.

பாடப் பக்கத்தைத் திறந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வாரவாரிப் பாடத்திட்டம், தேர்வுத் தேதி, 'இளநிலையா முதுநிலையா' என்ற குறிப்பு, பாடக் குறியீடு. தேர்வுத் தேதி பாடம் தொடங்கும் முன்பே அங்கே இருக்கும். அந்த வாரத்தில் உங்கள் கல்லூரியின் செய்முறைத் தேர்வோ இன்டர்னல் தேர்வோ வருகிறதா என்று இப்போதே பாருங்கள். இரண்டு பாடம் எடுப்பதாக இருந்தால் இரண்டின் தேதியும் மோதக் கூடாது. ஒரே நாளில் காலை ஒன்று, மாலை ஒன்று எழுதலாம் என்றாலும் ஆறு மணி நேரம் கணினி முன் உட்கார வேண்டியிருக்கும்.

ஒரு பாடம் இந்தப் பருவத்தில் இருப்பதால் அடுத்த பருவத்திலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில பாடங்கள் ஜனவரியில் மட்டும் வரும், சில ஜூலையில் மட்டும்.

கல்லூரியில் ஏற்கெனவே படித்த பாடத்தோடு அதிகம் ஒத்துப்போகும் பாடத்தை எடுக்க வேண்டாம். 'இதை மூன்றாம் பருவத்திலேயே படித்துவிட்டீர்களே' என்று குழு தள்ளிவிடும். ஒத்துப்போக வேண்டியது நீங்கள் விடப்போகும் எலெக்டிவோடு, அல்லது கல்லூரி வெளியிட்டிருக்கும் அனுமதிப் பட்டியலோடு.

கோர்ஸெரா, யுடெமி, எட்எக்ஸ் சான்றிதழ்களுக்கு மேலே சொன்ன யுஜிசி விதி பொருந்தாது. கல்லூரி தனியாக முடிவெடுத்து ஏற்றால்தான் உண்டு. ஸ்வயம் பிளஸ் என்ற பெயரில் 2024 முதல் தொழில்துறை சார்ந்த பாடங்களும் வருகின்றன. பெயர் ஒத்திருப்பதால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம், கட்டணமும் கிரெடிட்டும் பாடத்துக்குப் பாடம் மாறும்.

3. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

'எடுத்துக்கப்பா, பாத்துக்கலாம்' என்று துறைத் தலைவர் சொன்னால் அது அனுமதி ஆகாது. ஆறு மாதம் கழித்து அவர் அந்த இருக்கையில் இல்லாமலும் போகலாம்.

ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், பதிவு எண், துறை, பருவம். என்பிடெல் பாடத்தின் முழுப் பெயர். என்ஓசி என்று தொடங்கி ஆண்டு, துறைச் சுருக்கம், எண் என்று வரும் பாடக் குறியீடு. நடத்தும் பேராசிரியர், ஐஐடி. வாரம், கிரெடிட், தேர்வுத் தேதி. இதற்கு ஈடாக விட விரும்பும் எலெக்டிவின் பெயரும் குறியீடும்.

கடிதத்தோடு ஒரு ஒப்பீட்டுத் தாளை இணைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இடது பக்கம் எலெக்டிவின் ஐந்து யூனிட், வலது பக்கம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நேராக என்பிடெல்லின் எந்த வாரம் வருகிறது என்று எழுதுங்கள். முதல் யூனிட்டுக்கு நேராக 1, 2ஆம் வாரம், இரண்டாவதற்கு நேராக 3, 4, 5ஆம் வாரம் என்கிற மாதிரி. நேர் இல்லாத யூனிட்டை மறைக்காமல் வெற்றாக விடுங்கள். மூன்றரை யூனிட் ஒத்துப்போனாலே பெரும்பாலான துறைகள் கையெழுத்துப் போட்டுவிடும். பொய்யாக நிரப்பிய கட்டத்தைக் குழுவில் ஒருவர் கண்டுபிடித்தால் மொத்தமும் நின்றுவிடும்.

துறைத் தலைவர் கையெழுத்து, தேதி, முத்திரை. ஒரு நகல் ஸ்பாக்கிடம், ஒன்று உங்களிடம். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் ஒன்று போக வேண்டும். அங்கே தகவல் இல்லாவிட்டால் பருவத் தேர்வுக்கான பட்டியலில் விட்ட எலெக்டிவும் உங்கள் பெயரில் இருக்கும். எழுதப் போகாததால் 'ஆப்சென்ட்' விழும், அதுவே அரியராகும். இது கற்பனை இல்லை, அடிக்கடி நடப்பது.

4. பெயரும் இனிஷியலும்: அபார் எண் எடுப்பதற்கு முன்

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அதிகமாக வரும் தொல்லை இது. ஆதாரில் 'கார்த்திக் ராஜா எஸ்'. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்ராஜா'. கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியலுக்குப் பதிலாக அப்பா பெயர் முழுதாக. ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர்.

கிரெடிட்டுகள் இப்போது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற கணக்கில்தான் சேர்கின்றன. சுருக்கமாக ஏபிசி. அதற்கான 12 இலக்க எண்ணைத்தான் இப்போது அபார் எண் என்கிறார்கள். அது ஆதாரிலிருந்து பெயரை எடுக்கும். என்பிடெல் சான்றிதழ் நீங்கள் தேர்வுப் படிவத்தில் கொடுத்த பெயரை எடுக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கிரெடிட் உங்கள் கணக்கில் ஏறாமல் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது:

ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் உங்களிடம் இயங்குகிறதா பாருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பள்ளிக் காலத்தில் அப்பாவின் பழைய எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், அது இப்போது யாரிடமோ இருக்கும். அப்படியானால் ஆதார் சேவை மையம், தபால் நிலையம் அல்லது வங்கி மையத்தில் நேரில் போய் மாற்றுங்கள். செலவு நூறு ரூபாய்க்குள். மாறச் சில நாள் ஆகும் என்பதால் இதைப் பருவம் தொடங்கும் முன் முடியுங்கள்.

அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஆதார் வழியாகக் கணக்குத் தொடங்கி, உள்ளே ஏபிசி அல்லது அபார் என்று தேடுங்கள். கல்வி நிறுவனம், சேர்ந்த ஆண்டு, பதிவு எண் கேட்கும். இணைப்புக் கல்லூரியில் படிப்பவர்கள் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தையா, கல்லூரியையா எதைத் தேர்வது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதலாண்டுச் சேர்க்கையின்போது கல்லூரியே உங்களுக்கு எண் எடுத்திருக்கலாம். இரண்டாவது ஒன்று உருவாக்க முயலாமல் முதலில் அதைத் தேடுங்கள்.

பெயரைப் பொறுத்தவரை ஒரே விதி: ஆதாரில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி. கல்லூரிப் பெயர் ஆதாரிலிருந்து வேறாக இருந்தால் எதை வைத்து எதைத் திருத்துவது என்று கல்லூரி அலுவலகத்தில் முடிவு செய்துகொண்டு, பிறகே தேர்வுப் படிவத்தைத் தொடுங்கள்.

5. பாடத்தில் சேருதல்

ஸ்வயம் தளத்தில் பதிவு இலவசம். கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டால் சான்றிதழையும் எடுக்க முடியாது. உங்கள் சொந்த ஜிமெயில் ஒன்றை இதற்கென்று முடிவு செய்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். ஒரு மின்னஞ்சலில் அசைன்மென்ட், இன்னொன்றில் தேர்வுப் பதிவு என்றானால் அசைன்மென்டின் 25 மதிப்பெண் காணாமல் போகும்.

சேரும்போது உங்கள் கல்லூரி லோக்கல் சாப்டரா என்று கேட்கும். பட்டியலில் உங்கள் கல்லூரியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயரில் நான்கைந்து கல்லூரிகள் இருக்கும், ஊரைப் பாருங்கள். பதிவு எண்ணையும் கொடுங்கள். இதை விட்டால் ஸ்பாக்கின் பட்டியலில் உங்கள் பெயர் தெரியாது.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், தேர்வும் அப்படித்தான். பல பாடங்களுக்கு உரையின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, புரியாத இடத்தில் அது கைகொடுக்கும்.

6. தேர்வுக் கட்டணம் தனி, அதற்குக் கடைசி நாளும் தனி

பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. தேர்வுக்குத் தனித் தளம், தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. பன்னிரண்டு வாரமும் ஒழுங்காக அசைன்மென்ட் போட்டுவிட்டு இதைத் தவறவிட்டால் சான்றிதழ் இல்லை.

என்பிடெல் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. பணம் கட்டுமுன் அந்தப் பருவத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சலுகைக்குச் சான்றிதழ் ஏற்ற வேண்டும். அது மங்கலாகவோ பாதி வெட்டுப்பட்டோ இருந்தால் நிராகரித்துவிடுவார்கள். சாதிச் சான்றிதழை முன்பே நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்துக்கு வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து, அடையாள அட்டை எண், அபார் எண். புகைப்படம் சான்றிதழிலும் அச்சாகும், செல்ஃபியை ஏற்றினால் அதுவே வாழ்நாளுக்கும். தேர்வு எழுத ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தாமதிக்க வேண்டாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இடம் நிரம்பிவிட்டால் பக்கத்து மாவட்டத்துக்கு முதல் நாளே பேருந்து ஏற வேண்டியிருக்கும். ஆயிரம் ரூபாய்த் தேர்வு அங்கேதான் ஆயிரத்து ஐந்நூறு ஆகிறது.

பணம் போய், படிவத்தில் 'கட்டவில்லை' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு அவர்களின் உதவி மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கடைசி நாளில் இப்படி நேர்ந்தால் பொறுக்க நாள் இருக்காது. கடைசி வாரத்துக்கு முன்பே கட்டச் சொல்வது இதற்காகத்தான். தேர்வு எழுதாவிட்டால் பணம் திரும்பாது.

7. மதிப்பெண் கணக்கு: கூட்டினால் 47, ஆனாலும் சான்றிதழ் இல்லை

அசைன்மென்டுக்கு 25, மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரி, எட்டு வாரத்தில் சிறந்த 6, நான்கு வாரத்தில் சிறந்த 3.

ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டில் சிறந்த எட்டு: 90, 90, 80, 80, 80, 70, 70, 60. கூட்டினால் 620, சராசரி 77.5. அதில் கால் பங்கு 19.4. தேர்வில் நூற்றுக்கு 38 எடுத்தால் முக்கால் பங்கு 28.5. மொத்தம் 47.9. நாற்பதைத் தாண்டியாயிற்று, சான்றிதழ் வருமா? வராது. அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியே தொட வேண்டும். 75க்கு 30 என்றால் தேர்வில் நூற்றுக்கு 40. இவர் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டார்.

மொத்தம் 40 முதல் 59 வரை சாதாரணத் தேர்ச்சி, 60 முதல் எலீட், 75 முதல் எலீட் சில்வர், 90 முதல் எலீட் கோல்ட். கல்லூரி உங்கள் கிரேடை எந்த எண்ணிலிருந்து எடுக்கிறது என்பதை முதல் படியில் கேட்டிருப்பீர்கள். நிரல் எழுதும் பாடங்களில் இந்தக் கணக்கு மாறும், பாடப் பக்கத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

அசைன்மென்ட் பொதுவாகப் புதன்கிழமை இரவு 11.59க்குள். முதல் இரண்டு வார அசைன்மென்டுகளுக்கும் பெரும்பாலும் ஒரே கடைசி நாள் இருக்கும், அதனால் தொடக்கத்தில் நிறைய நேரம் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒன்றாக விரட்டும். சேரும்போது வரும் 'பூஜ்ஜியம் வார' அசைன்மென்டுக்கு மதிப்பெண் இல்லை. கடைசி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிச் சமர்ப்பிக்கலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. ஆகவே திங்களன்று தெரிந்ததை அனுப்பிவிடுங்கள், சந்தேகமுள்ளதைப் புதனுக்குள் திருத்துங்கள்.

விடைகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும். பாதி தப்பாக இருக்கும் என்பது ஒரு பக்கம். பல பாடங்களில் தேர்வுக் கேள்விகள் அசைன்மென்டின் சாயலில்தான் வரும், எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள். நீங்களே போட்டுப் பார்த்திருந்தால் அங்கே முப்பது நாற்பது மதிப்பெண் எளிதாக வரும். பார்த்து எழுதியவருக்குக் கிடைப்பது 25இல் 24, பிறகு மேலே சொன்ன 38.

8. தேர்வு நாள்

பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு, காலை 9 முதல் 12 அல்லது மதியம் 2 முதல் 5, கணினி மையத்தில். ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாள் முன்பு தளத்தில் வரும், தபாலில் வராது. அச்சிட்ட ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் கட்டாயம். கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பிப் போகாதீர்கள். மையங்கள் பல ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கல்லூரியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. முடிவு வந்த பிறகு

முடிவு வரச் சுமாராக ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேலாகும். சான்றிதழ் மின்வடிவில் மட்டும்தான். மதிப்பெண் பிரிவு, பரிந்துரைக்கப்பட்ட கிரெடிட், சரிபார்க்கும் கியூஆர் குறி எல்லாம் அதிலேயே இருக்கும். பதிவிறக்கியதும் பெயரைப் பாருங்கள், அச்சிட்டு அனுமதிக் கடித நகலோடு சேர்த்துத் துறையிலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கொடுத்து, உங்கள் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்து வாங்குங்கள்.

டிஜிலாக்கரில் ஏபிசி கணக்கைத் திறந்து கிரெடிட் ஏறியிருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் வந்த அன்றே ஏறிவிடாது, சில வாரம் ஆகலாம். ஏறிய கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திய கிரெடிட்டை இன்னொரு பட்டத்துக்கு மறுபடி காட்ட முடியாது. கணக்கில் கிரெடிட் குவிந்தால் பட்டம் தானாக வந்துவிடும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்து படிக்காமல் பட்டம் இல்லை.

எப்போது எதைச் செய்வது?

ஜனவரிப் பருவம்: நவம்பரில் பாடப் பட்டியல் வரும். அப்போதே பாடத்தைப் பார்த்து, டிசம்பருக்குள் துறை அனுமதி. ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில் வகுப்பு. தேர்வுப் பதிவு பிப்ரவரியில் முடியும். பன்னிரண்டு வாரப் பாடங்களின் தேர்வு ஏப்ரலில். முடிவு மே, ஜூன் வாக்கில்.

ஜூலைப் பருவம்: மே மாதம் பட்டியல், ஜூன் முடிவதற்குள் அனுமதி. ஜூலை பின்பாதியில் வகுப்பு. தேர்வுப் பதிவு ஆகஸ்டில் முடியும். தேர்வு அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கம். முடிவு நவம்பர், டிசம்பர்.

இந்த நாள்களைப் பார்த்தாலே ஒன்று தெரியும்: இறுதியாண்டின் கடைசிப் பருவத்தில் ஜனவரிப் பாடத்தை எடுத்தால் முடிவு வருவதற்குள் கல்லூரி முடிவுகள் வந்துவிடக்கூடும். உங்களுடையது மட்டும் நிறுத்திவைக்கப்படும். வேலையில் சேர ஜூனில் மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். ஆகவே நான்காண்டுப் படிப்பில் ஐந்து, ஆறு, ஏழாம் பருவங்களுக்குள் முடித்துவிடுங்கள். தவறினாலும் இன்னொரு வாய்ப்பு மிச்சமிருக்கும்.

கலை, அறிவியல், வணிகவியல் மாணவர்களுக்கு

ஸ்வயத்தில் என்பிடெல் தவிர வேறு ஒருங்கிணைப்பாளர்களும் உண்டு. இளநிலை கலை அறிவியல் பாடங்களைப் பெரும்பாலும் சிஇசி என்ற ஒருங்கிணைப்பாளர் நடத்துகிறது. இவற்றின் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமையான என்டிஏ. பதிவும் என்டிஏயின் தனித் தளத்தில்தான். மதிப்பெண் 30க்கு 70 என்று பிரிந்திருக்கும். அண்மைப் பருவங்களில் பொதுப் பிரிவினருக்கு முதல் பாடத்துக்கு 750 ரூபாயும் அடுத்தடுத்த பாடங்களுக்கு 600 ரூபாயும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பொருளாதாரத்தில் நலிந்தோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 500, 400 என்றும் இருந்தது. என்பிடெல் நாள்காட்டியை இதற்குப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவுத் தேதியும் தேர்வுத் தேதியும் வேறு. மற்றபடி கல்லூரி அனுமதி, பெயர்ப் பொருத்தம், அபார் எண் எல்லாம் ஒன்றுதான்.

கல்லூரி இழுத்தடித்தால்

கையெழுத்திட்ட அனுமதி இருந்தும் கிரெடிட் ஏறவில்லை என்றால் முதலில் துறை, பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், இரண்டிலும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. 2023 யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் ஆம்பட்ஸ்பர்சன் (மேல்முறையீட்டைக் கேட்கும் குறைதீர்ப்பாளர்) உண்டு. பெரும்பாலான வழக்குகள் அவ்வளவு தூரம் போவதில்லை. எங்கோ ஒரு மேசையில் காகிதம் தங்கியிருக்கும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைக் காட்டினால் நகரும்.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: என்பிடெல் பாடத்தின் பெயர் சரியாக இருக்கிறதா, கிரெடிட் 3 என்று இருக்கிறதா, விட்ட எலெக்டிவ் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கிறதா. தவறு இருந்தால் அந்த வாரமே சொல்லுங்கள். பட்டச் சான்றிதழுக்கான கூட்டுப் பட்டியல் அச்சான பிறகு திருத்தம் என்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், மறுபடி ஒரு மாதம்.